கூட்டம் புகையா போச்சு, கை மட்டும் நின்னுச்சு: 1992 பீட்டர்ஸ்பர்க் படம் ஒண்ணு பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

சிட்டி கூட்டத்தை கருப்பு வெள்ளைல எடுத்த படங்கள்னு பேச்சு எடுத்தா ஆளாளுக்கு ஒரு படம் சொல்வாங்க, நான் ஒவ்வொரு தடவையும் போய் நிக்கறது ரஷ்ய போட்டோகிராஃபர் அலெக்சி டிட்டாரென்கோ 1992ல எடுத்த ஒரு கூட்டப் படத்துல தான். ரஷ்யாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க், வசிலியெவ்ஸ்கி தீவு, அங்க இருக்கற வசிலியோஸ்த்ரோவ்ஸ்காயா மெட்ரோ ஸ்டேஷன் வாசல். "நிழல்களின் நகரம்"னு அவர் பேர் வெச்ச தொடர்ல வர்ற படம் அது. படிக்கட்டுல ஒரு பெரிய ஜனக்கூட்டம் ஏறுது, ஆனா ஜனம்னு சொல்ல ஒரு முகம் கூட கிடையாது, எல்லாம் சேர்ந்து சாம்பல் கலர்ல ஒரு புகை மாதிரி படி மேல கிடக்கு, அந்த புகைக்கு ஓரமா கைப்பிடி கம்பி, கம்பி மேல கைகள். கை மட்டும் தெரியுது. யாரோட கைன்னு தெரியாது, எத்தனை பேரோட கைன்னும் தெரியாது.

இந்த படத்தைப் பத்தி பேசறவங்க பெரும்பாலும் "லாங் எக்ஸ்போஷர் போட்டு எடுத்தாரு, அதனால கூட்டம் பேய் மாதிரி வந்துச்சு"ன்னு ஒரு வரில முடிச்சிடுவாங்க. லாங் எக்ஸ்போஷர்னா ஃபிலிம்ல வெளிச்சம் விழற நேரத்தை விநாடிக்கணக்குல நீட்டறது. எனக்கு அந்த ஒரு வரி பத்தல. லாங் எக்ஸ்போஷர் போட்டா பொதுவா கூட்டம் காணாமத்தான் போகும், இதுல ஏன் போகல? கை எப்படி நின்னுச்சு? கலர்ல எடுத்திருந்தா இது ஆகியிருக்குமா? அப்ப பீட்டர்ஸ்பர்க்ல பணம் செல்லாக்காசா போயிருந்த மாதிரியே பணம் விழுந்த இன்னொரு ஊர்ல எடுத்த, துல்லியமா உறைஞ்சு நிக்கற கூட்டப் படம் ஒண்ணு இருக்கு, அது ஏன் வேற மாதிரி வேலை செய்யுது? இதையெல்லாம் ஒண்ணொண்ணா பிரிச்சு பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை, அதான் இது.

அந்த ஊர், அந்த குளிர்காலம்

டிட்டாரென்கோ 1962ல பிறந்தவர், பிறந்ததே அந்த வசிலியெவ்ஸ்கி தீவுல தான், அதனால இந்த ஸ்டேஷன் அவருக்கு டூரிஸ்ட் ஸ்பாட் இல்ல, சொந்த ஏரியா. டீனேஜ்லயே "கண்ணாடி"ன்னு பேர் வெச்ச ஒரு போட்டோ கிளப்ல சேர்ந்துட்டார். 80கள் கடைசில அவர் செஞ்சதெல்லாம் வேற மாதிரி வேலை, சோவியத் கோஷங்கள், சின்னங்கள் எல்லாத்தையும் வெட்டி ஒட்டி செஞ்ச போட்டோ மான்டாஜ். அப்புறம் அந்த நாடே இல்லாம போச்சு. 1991 செப்டம்பர்ல லெனின்கிராடுங்கற பேர் போய் பழைய பேர் திரும்ப வந்துச்சு, டிசம்பர்ல சோவியத் யூனியன் கலைஞ்சது, 1992 ஜனவரி 2ஆம் தேதி அரசாங்கம் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுச்சு. அந்த ஒரே வருஷத்துல ரஷ்யாவுல விலைவாசி சுமார் 2500 சதவீதம் ஏறுச்சு. அதாவது வருஷ ஆரம்பத்துல 1 ரூபிளுக்கு கிடைச்ச சாமானுக்கு வருஷக் கடைசில கிட்டத்தட்ட 26 ரூபிள். வாழ்நாள் பூரா சேர்த்து வெச்ச காசு சில மாசத்துல ஒண்ணுமில்லாம போச்சு. ஜனவரி 29ல யார் வேணா எங்க வேணா விக்கலாம்னு ஒரு உத்தரவு வந்துச்சு, அதுக்கப்புறம் மெட்ரோ வாசல்கள்ல ஜனங்க வரிசையா நின்னு வீட்டு சாமானை கைல ஏந்தி வித்தாங்க.

சாப்பாடு தேடி அலையற ஜனங்க நிழல் மாதிரி தெரிஞ்சாங்கன்னு டிட்டாரென்கோ பிற்பாடு சொல்லியிருக்கார். இத கேட்டுட்டு பலர் "ஓ அப்ப அது ஒரு உருவகம்"னு விட்டுடறாங்க. நான் இத உருவகமா மட்டும் எடுத்துக்க மாட்டேன். நிழலா தெரிஞ்சதை நிழலாவே பதியணும்னா கேமராவுல எந்த திருகை எவ்வளவு திருப்பணும்ங்கறது ஒரு டெக்னிக்கல் கேள்வி, அதுக்கு அவர் கண்டுபிடிச்ச பதில் தான் இந்த படம்.

ஊரோட வெளிச்சமும் இதுல ஒரு கூட்டாளி. பீட்டர்ஸ்பர்க் கிட்டத்தட்ட 60 டிகிரி வடக்கு, டிசம்பர் கடைசில பகல்னு சொல்றதே 6 மணி நேரத்துக்கும் குறைவு, சூரியன் வந்தாலும் அடிவானத்துலயே தவழ்ந்துட்டு போயிடும், அதுவும் பாதி நாள் மேகம். இந்த மாதிரி மேகம் மூடின குளிர்கால மாலைல வெளிச்சத்தை மெதுவா வாங்கற ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் போட்டு லென்ஸோட துளையை எஃப் 22ங்கற சின்ன அளவு வரைக்கும் சுருக்கினா, எவ்வளவு நேரம் எக்ஸ்போஷர் கொடுக்கணும்னு சொல்ற மீட்டர் 1 விநாடி பக்கத்துல காட்டும், இன்னும் கொஞ்சம் இருட்டினா 10, 15 விநாடி வரைக்கும் போகும். வெயில் கொளுத்தற ஊர்ல இதே வேலைக்கு கன்னங்கரேல்னு ஒரு என்டி ஃபில்டர் லென்ஸ் முன்னாடி மாட்டணும். அங்க வானமே ஃபில்டர். நிழலே விழாத மெத்துனு ஒரு வெளிச்சம், அதனால கான்ட்ராஸ்ட் எல்லாம் கோட்டு கருப்புலயும் தோல் வெளுப்புலயும் மட்டும் தான் மிச்சம் இருக்கும். இது அப்புறம் முக்கியமா வரும்.

கூட்டம் ஏன் காணாம போகல

இந்த கேள்விக்கு 1838க்கு போகணும். போட்டோ எடுக்கற முறையை முதல்ல கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான லூயி டாகேர் பாரிஸ்ல தன் ஜன்னல்லேருந்து பூல்வார் டு டாம்ப்ள்ங்கற தெருவை எடுத்தார். நல்லா பிஸியான தெரு, வண்டியும் ஆளுமா ஓடிட்டிருந்த இடம். படத்துல தெரு காலி. ஓரமா ஒருத்தர் காலைத் தூக்கி வெச்சு ஷூ பாலிஷ் போட்டுட்டு நிக்கறார், அவரும் பாலிஷ் போடறவரும் மட்டும் பதிவாயிருக்காங்க. தந்தி மோர்ஸ் இருக்காரே, அவர் 1839ல இந்த படத்தை நேர்ல பார்த்துட்டு இதைத் தான் ஆச்சரியமா எழுதினார், எப்பவும் கூட்டமா இருக்கற தெரு வெறிச்சோடி கிடக்குன்னு. போட்டோல முதல் தடவையா ஒரு மனுஷன் பதிவானதே அவர் அசையாம நின்னதால தான்.

இப்ப கொஞ்சம் கணக்கு போடுவோம், இத பொறுமையா படிங்க ஏன்னா படத்தோட உயிரே இதுல தான் இருக்கு. சாதாரணமா ஒரு ஆள் விநாடிக்கு 1.3 மீட்டர் நடப்பார். கேமராவுக்கு குறுக்கே நடக்கற ஒருத்தரோட உடம்பு பின்னாடி சுவத்துல இருக்கற ஒரு புள்ளியை மறைக்கறது சுமாரா கால் விநாடி. எக்ஸ்போஷர் 4 விநாடின்னா அந்த புள்ளி 16ல 1 பங்கு நேரம் தான் மறைஞ்சிருக்கு, மீதி 15 பங்கு நேரம் சுவத்தோட வெளிச்சம் ஃபிலிம்ல விழுந்துட்டே இருக்கு, அதனால அந்த ஆள் ஒரு லேசான கறை, அவ்வளவு தான். டாகேர் மாதிரி நிமிஷக்கணக்குல திறந்து வெச்சா 5 நிமிஷத்துல கால் விநாடிங்கறது 1200ல 1 பங்கு. ஆளே கிடையாது. பத்து பேர் நடந்தாலும் கிடையாது.

ஆனா அதே 4 விநாடில அந்த புள்ளியை ஒருத்தர் விட்டு ஒருத்தர் விட்டு ஒருத்தர்னு 16 பேர் இடைவெளி இல்லாம கடந்தா சுவர் ஒரு தடவை கூட ஃபிலிமுக்கு தெரியவே தெரியாது. அப்ப பதியறது எது? அந்த 16 பேர் போட்டிருந்த கோட்டோட சராசரி. அதான் அந்த புகை. ஒரு ஆளோட உருவமும் இல்ல, ஆனா ஆள் இருந்த கனம் இருக்கு. டாகேர் தெரு காலியானதுக்கும் டிட்டாரென்கோ படி நிறைஞ்சதுக்கும் ஒரே விதி தான், வித்தியாசம் நெருக்கடி மட்டும். தெரு அகலம், கூட்டம் சிதறி போச்சு. மெட்ரோ வாசல் குறுகல், வேலை விட்டு வர்ற மொத்த ஜனமும் அந்த ஒரு வாசல்ல தான் பிதுங்கணும்.

படிக்கட்டும் சும்மா ஒரு பின்னணி இல்ல. சமதரைல வேகமா போற அதே ஆள் படி ஏறும்போது பாதி வேகத்துக்கு வந்துடுவார், அப்ப ஒரு உடம்பு ஒரு புள்ளியை மறைக்கற நேரம் ரெண்டு மடங்கு. அதோட படி ஏறுனா பின்னாடி இருக்கறவரோட உடம்பு முன்னாடி இருக்கறவரை விட கீழ, அப்ப கேமராவுக்கு கூட்டம் அடுக்கடுக்கா தெரியும், முதல் வரிசை மட்டும் தெரிஞ்சு மீதியெல்லாம் அது பின்னாடி ஒளிஞ்சுக்கற பிரச்சனை இல்ல. இடம் தேர்வு பண்ணதுலயே பாதி படம் முடிஞ்சு போச்சுன்னு நான் சொல்வேன்.

கை

சரி, அந்த கைக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த படத்துல பேச வேண்டியது இது தான், மீதியெல்லாம் இதுக்கு முன்னுரை.

கூட்டத்துல எதுவுமே ஒரே வேகத்துல அசையறதில்ல. நடக்கற ஆளையே எடுத்துக்கங்க, இடுப்புக்கு மேல தொடர்ந்து நகருது, ஆனா ஒவ்வொரு பாதமும் ஒரு நடைச் சுற்றுல சுமார் 60 சதவீத நேரம் தரையில அப்படியே ஊன்றி நிக்குது, அதாவது அரை விநாடிக்கு மேல. அதனால கால் விநாடி, அரை விநாடி எக்ஸ்போஷர் போட்டு எடுத்த கூட்டப் படங்கள்ல பாருங்க, உடம்பெல்லாம் கலைஞ்சு போயிருக்கும், ஷூ மட்டும் கத்தி மாதிரி தெளிவா இருக்கும். எக்ஸ்போஷரை 2, 3 விநாடிக்கு ஏத்தினா பாதமும் போயிடும். அப்ப எது நிக்கும்? கம்பியைப் பிடிச்ச கை. படி ஏறுறவர் கம்பியைப் பிடிச்சு உடம்பை மேல இழுத்துட்டு அப்புறம் தான் கையை நகர்த்துவார், அந்த பிடி ஒரு விநாடி, கூட்டம் தேங்குனா இன்னும் அதிகம். கூட்டம் ரொம்ப நெருங்கிட்டா வயசானவங்க கை இன்னும் நேரம் நிக்கும். எக்ஸ்போஷர் நேரம்ங்கறது ஒரு சல்லடை, எத்தனை விநாடின்னு நீங்க முடிவு பண்றப்பவே எது கீழ விழணும் எது மேல நிக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்க. அரை விநாடி சல்லடைல பாதம் நிக்கும், சில விநாடி சல்லடைல கை நிக்கும், நிமிஷக்கணக்குல போனா சாமான் வித்துட்டு நிக்கறவங்களும் ஷூ பாலிஷ் போட்டுக்கறவரும் தான் நிப்பாங்க.

இதுக்கு மேல இன்னொரு விஷயம் இருக்கு, இத யாரும் அதிகமா பேசி நான் பார்த்ததில்ல. ஃபிலிம் வெளிச்சத்தை கூட்டத்தான் செய்யும், கழிக்கத் தெரியாது. கருப்பு கோட்டு கடந்து போனா ஃபிலிம்ல எதுவும் எழுதறதில்ல, அந்த நேரத்துக்கு பின்னாடி இருக்கறதை மறைக்குது, அவ்வளவு தான். வெளுப்பா ஒரு பொருள் வந்தா எழுதிட்டு போகும், அப்புறம் நூறு கருப்பு கோட்டு கடந்தாலும் எழுதினது அழியாது. குளிர்காலக் கூட்டம் முழுக்க கருப்பு கோட்டு, அதுல வெளுப்பா இருக்கறது முகமும் கையும். முகம் தொடர்ந்து அசையுது, அதோட வெளிச்சம் நீளமா தேய்ஞ்சு எங்கயும் சேராம போயிடுது. கை கம்பிங்கற ஒரே நேர்கோட்டு மேல தான் வரும், ஒரு கை எடுத்த இடத்துக்கு பக்கத்துல இன்னொரு கை வந்து உக்காரும், எல்லா வெளிச்சமும் அந்த ஒரு நேர்கோட்டுலயே சேர்ந்துட்டே போகும். அதனால நாம பார்க்கற கைல சிலது ஒரே ஆளோட ரெண்டு பிடியா இருக்கலாம், சிலது ரெண்டு பேரோட ஒரே கையா இருக்கலாம். இத நினைச்சு பார்க்கறப்ப எனக்கு இன்னிக்கும் சிலிர்க்கும்.

ஃபிலிமோட ஒரு குறையும் இங்க கை கொடுக்குது. வெளிச்சம் ரொம்ப கம்மியா ரொம்ப நேரம் விழுந்தா ஃபிலிம் சோம்பிடும், கணக்குப்படி பதிய வேண்டியதை விட கம்மியா பதியும், ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர்னு சொல்வாங்க. கோடாக் டிரை-எக்ஸ் ஃபிலிமுக்கு கம்பெனியே கொடுத்த அட்டவணைல மீட்டர் 1 விநாடி காட்டினா 2 விநாடி கொடுக்கணும், 10 காட்டினா 50 கொடுக்கணும், 100 காட்டினா 1200, அதாவது 20 நிமிஷம். கூடவே டெவலப் பண்ற நேரத்தையும் குறைக்க சொல்வாங்க, ஏன்னா சோம்பல் முழுக்க இருட்டான பகுதில தான் அதிகம், அதனால கான்ட்ராஸ்ட் ஏறிடும். கோட்டு இன்னும் கருப்பாகும், கை இன்னும் வெளுப்பா மேல வரும்னு அர்த்தம். டிஜிட்டல் சென்சாருக்கு இந்த சோம்பல் கிடையாது, அது நேர்கோடு மாதிரி போட்ட வெளிச்சத்தை அப்படியே கூட்டும், அதனால டிஜிட்டல்ல இதே படம் எடுத்தா புகை கொஞ்சம் சப்புனு வரும், அத எடிட்டிங்ல தான் சரி பண்ணணும்.

கலர்ல ஏன் வராது

கருப்பு வெள்ளைனாலே ஒரு பழைய கால ஃபீல், சோக ஃபீல், அதுக்காக தான் எடுக்கறாங்கன்னு ஒரு பேச்சு இருக்கு. இந்த படத்துல அது காரணம் இல்லைன்னு நான் உறுதியா சொல்வேன். 16 கோட்டோட சராசரி எடுக்கறோம்னு பார்த்தோம்ல, கலர்ல அந்த சராசரி என்னவாகும்? சிவப்பு துப்பட்டா, பச்சை பை, நீல கோட்டு எல்லாம் கலந்தா சேத்து கலர் தான் வரும், நடுவுல சிவப்பு மட்டும் பளிச்னு ஒரு கோடு இழுத்துட்டு கண்ணை அங்க கூட்டிட்டு போயிடும், கையை யாரும் பார்க்க மாட்டாங்க. கருப்பு வெள்ளைல ரெண்டு சாம்பல் கலந்தா நடுவுல ஒரு சாம்பல், அது எப்பவும் ஒழுங்கா இருக்கும். அதோட கலர் ஃபிலிம்ல மூணு அடுக்கு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவுல சோம்பும், அதனால நீண்ட எக்ஸ்போஷர்ல கலரே ஒரு பக்கமா சாஞ்சிடும்.

டார்க்ரூம் வேலையும் சொல்லணும். டிட்டாரென்கோ தன் பிரிண்டை தானே போடறவர், பிளீச்சிங், டோனிங் எல்லாம் பண்ணி சாம்பல்லயே பல படி கொண்டு வருவார். பிளீச்னா பிரிண்ட்ல வெளுக்க வேண்டிய இடத்துல மட்டும் ரசாயனத்தை பிரஷ்ல தொட்டு வெள்ளியை கரைக்கறது, கை, கம்பி மாதிரி சின்ன இடங்களை மேல தூக்கறதுக்கு இதை விட நல்ல வழி கிடையாது. இத கேட்டுட்டு "அப்ப ஏமாத்து வேலை தானே"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. இல்லவே இல்ல. நெகட்டிவ்ல இல்லாத கையை பிளீச் கொண்டு வர முடியாது. இருக்கறதுல எதைப் பார்க்கணும்னு சொல்றது பிரிண்ட் போடறவரோட வேலை, கருப்பு வெள்ளை தெருப்படங்கள்ல இது ஆரம்பத்துலேருந்தே இருக்கு.

இன்னொரு ஊர், இன்னொரு கூட்டம்

1948 டிசம்பர், சீனாவுல ஷாங்காய். அங்கயும் பணம் செல்லாக்காசு. ஆகஸ்ட்ல தான் புதுசா ஒரு கரன்சி விட்டிருந்தாங்க, அதுவும் விழுந்துடுச்சு, அப்ப சீனாவை ஆண்ட கோமிண்டாங் கட்சி அரசாங்கம் ஆளுக்கு 40 கிராம் தங்கம் தர்றதா அறிவிச்சது. பேங்க் வாசல்ல ஆயிரக்கணக்கான பேர் குவிஞ்சாங்க, நெரிசல்ல நசுங்கி செத்தவங்களும் உண்டு. பிரெஞ்சு போட்டோகிராஃபர் ஆன்றி கார்ட்டியே ப்ரெஸ்ஸோன் அங்க தன் லைக்கா கேமராவோட இருந்தார். அந்த படத்துல வரிசைனு ஒண்ணு இல்ல, வரிசை நசுங்கி ஒரே உடம்பா ஆயிருக்கு, ஒருத்தர் முதுகுல இன்னொருத்தர் ஒட்டி, முன்னாடி இருக்கறவரை கையால இறுக்கி பிடிச்சுட்டு, ஆனா ஒவ்வொரு முகமும் தனித்தனியா தெரியுது, ஒவ்வொரு முகத்துலயும் வலி தனித்தனியா தெரியுது.

ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்தா ரெண்டும் ஒரே கதை, விலைவாசி பிச்சுக்கிட்டு போன ஊர்ல ஜனம் எதையோ பிடிச்சு தொங்குது. ரெண்டுலயும் கை தான் முக்கியம். ஒண்ணு புகை, ஒண்ணு கல். இதுல எது சரி எது உண்மைன்னு கேக்கறதை விட, அந்தந்த கூட்டம் எப்படி அசைஞ்சுதுன்னு கேட்டா விஷயம் புரியும். சதுர மீட்டருக்கு 5, 6 பேர்னு நெருக்கடி ஏறிட்டா கூட்டத்தால நடக்கவே முடியாது, ஓட்டம் நின்னுடும், தள்ளு மட்டும் தான் இருக்கும். ஷாங்காய் கூட்டம் அந்த நிலைல இருந்துச்சு. அங்க போய் 4 விநாடி எக்ஸ்போஷர் போட்டிருந்தா புகை வந்திருக்காது, கை நடுங்கி எடுத்த மாதிரி ஒரு மோசமான படம் தான் வந்திருக்கும். அங்க இருந்த உண்மை, தப்பிக்க வழி இல்லாம சிக்கிட்ட தனித்தனி ஆட்கள், அதுக்கு நொடில உறைய வைக்கற ஷட்டர் தான் சரி. பீட்டர்ஸ்பர்க்ல கூட்டம் ஓடிட்டே இருந்துச்சு, நிக்காம, தினமும், அதே படில. அங்க 125ல 1 பங்கு விநாடில எடுத்திருந்தா கோட்டு போட்ட ஜனங்க மெட்ரோவுக்கு போறாங்கன்னு ஒரு நியூஸ் படம் கிடைச்சிருக்கும், தப்பில்ல, ஆனா மறுநாள் மறந்திருப்போம்.

அதனால கூட்டத்தை எடுக்கப் போற யாருக்கும் நான் முதல்ல சொல்றது ஷட்டர் ஸ்பீடை வீட்டுலயே முடிவு பண்ணிட்டு போகாதீங்க, அங்க போய் கொஞ்ச நேரம் சும்மா நின்னு கூட்டம் ஓடுதா தேங்குதான்னு பாருங்க, ஓடுதுன்னா எது ஓடாம நிக்குதுன்னு பாருங்க. இப்ப ஸ்டேஷன்ல ட்ரைபாட் வெச்சு ஃபில்டர் மாட்டி எடுத்த புகைக் கூட்டப் படங்கள் ஏராளமா வருது, பாதிக்கு மேல வெறும் புகை, கண்ணுக்கு பிடிமானமே இல்ல. ஆள் மங்கினா மட்டும் படம் ஆயிடாது.

முகம் இல்லாததுல இருக்கற வாக்குவாதம்

இந்த படத்து மேல ஒரு நியாயமான குற்றச்சாட்டு உண்டு. மனுஷங்களை 70 வருஷமா வெறும் "மக்கள் திரள்"னு பார்த்த ஒரு ஆட்சி விழுந்த உடனே, ஒரு கலைஞர் வந்து திரும்பவும் அவங்க முகத்தை அழிச்சு திரளா காட்டணுமா? இந்த கேள்வியை நான் லேசா எடுத்துக்கல. பசியில நிக்கறவங்களுக்கு பேர் இருக்கு, முகம் இருக்கு, அத படம் காட்டியிருக்கணும்னு சொல்றவங்க பக்கம் நியாயம் இருக்கு. ஷாங்காய் படம் அதைத் தான் செய்யுது.

ஆனா எனக்கு ரெண்டு விஷயம் படுது. ஒண்ணு, திரளா காட்டற பிரச்சாரப் படங்கள்ல கூட்டம் ஒரே பக்கம் பார்க்கும், ஒரே மாதிரி கை தூக்கும், அதுல திரளுக்கு தெம்பு இருக்கும். இங்க திரளுக்கு தெம்பு சுத்தமா இல்ல, ஒவ்வொரு கையும் தன் உடம்பு விழாம இருக்கத் தான் கம்பியைப் பிடிச்சிருக்கு. ரெண்டாவது, முகம் காட்டறதுக்கும் ஒரு விலை உண்டு. வாக்கர் எவன்ஸ் 1938லேருந்து 1941 வரைக்கும் நியூயார்க் சப்வேல கோட்டுக்குள்ள கேமராவை ஒளிச்சு வெச்சு எதிர்ல உக்காந்தவங்க முகத்தை எடுத்தார், புத்தகமா வெளிய வந்தது 1966ல தான், அவ்வளவு வருஷம் கழிச்சு. ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா டைம்ஸ் ஸ்கொயர்ல ஃப்ளாஷ் மாட்டி வெச்சு நடந்து போனவங்க முகத்தை அவங்களுக்கே தெரியாம எடுத்தார், அதுல இருந்த ஒருத்தர் மத நம்பிக்கையைக் காரணம் காட்டி கேஸ் போட்டார், 2006ல நியூயார்க் கோர்ட் இது கலை, அனுமதி தேவையில்லைன்னு தள்ளுபடி பண்ணுச்சு. சட்டம் போட்டோகிராஃபர் பக்கம் நின்னது, ஆனா அந்த ஆளோட வருத்தம் நியாயமானது தான்னு எனக்கு இன்னும் தோணுது. வாழ்க்கைலயே ரொம்ப கீழ விழுந்த ஒரு மாசத்துல இருக்கற ஒருத்தரோட முகத்தை கேக்காம எடுத்து சுவத்துல மாட்டறதை விட, கையை மட்டும் எடுத்தது அவங்களுக்கு செஞ்ச மரியாதைன்னு நான் நினைக்கறேன். இதுல எனக்கு எதிர்க்கருத்து உள்ளவங்களோட நான் சண்டை போட மாட்டேன், ஆனா மாறவும் மாட்டேன்.

இப்ப செஞ்சு பார்க்கணும்னா

ஃபில்டரும் இருட்டும் இல்லாமலேயே இன்னிக்கு இத செய்யலாம். ட்ரைபாட்ல வெச்சு வரிசையா நிறைய ஃப்ரேம் எடுத்து சாஃப்ட்வேர்ல அடுக்கி ஒண்ணாக்கலாம். அடுக்கும்போது சராசரி வேணுமா மீடியன் வேணுமான்னு கேக்கும், இங்க தான் நிறைய பேர் குழம்பறாங்க. மீடியன்னா ஒவ்வொரு புள்ளிலயும் நடுவுல வர்ற மதிப்பை மட்டும் எடுக்கும், பாதி ஃப்ரேமுக்கு மேல சுவர் தெரிஞ்சா சுவர் தான், ஆள் சுத்தமா அழிஞ்சிடுவார், டாகேர் தெரு மாதிரி. சராசரி எடுத்தா தான் கடந்து போன எல்லாரும் தன் பங்குக்கு ஒரு சாம்பல் விட்டுட்டு போவாங்க. சராசரியை ரா ஃபைல்லேருந்து, அதாவது சென்சார் பதிஞ்சதை மாத்தாம வெச்சிருக்கற ஃபைல்லேருந்து, வெளிச்சம் நேர்கோட்டு அளவுல இருக்கும்போதே எடுக்கணும், ஜேபெக்ல ஏற்கனவே வளைச்ச டோன் மேல எடுத்தா வெளுப்பான கை தன் பலத்தை இழந்துடும், ஃபிலிம் மாதிரி கூட்டல் நடக்காது.

ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடைவெளியும் கவனிக்கணும். 6×6 சென்டிமீட்டர் ஃபிலிம் ஃப்ரேம் உள்ள கேமராவுல 80 மிமீ லென்ஸ், 10 மீட்டர் தூரம்னு வெச்சுக்கங்க, குறுக்கே நடக்கறவர் ஃபிலிம் மேல விநாடிக்கு 1 சென்டிமீட்டருக்கு மேல நகருவார், ஃப்ரேமோட ஒரு ஓரத்துலேருந்து மறு ஓரம் போக 5 விநாடி சொச்சம். டிஜிட்டல் சென்சார் சின்னதா இருந்தாலும் அதே அளவு காட்சியை அடைச்சா கணக்கு இதே தான். விநாடிக்கு ஒரு ஃப்ரேம், ஒவ்வொண்ணும் 8ல 1 பங்கு விநாடின்னு எடுத்தா அவர் புகையா வர மாட்டார், அஞ்சாறு இடத்துல அஞ்சாறு ஆளா, அச்சு அடிச்ச மாதிரி நிப்பார். ஃப்ரேம்கள் இடைவெளியே இல்லாம ஒட்டி வரணும், ஒவ்வொரு ஃப்ரேமும் அரை விநாடி இருந்தா வேலை இன்னும் சுலபம், லென்ஸை மூடி ஐஎஸ்ஓவை அடில வெச்சா மாலை வெளிச்சத்துல அது கிடைச்சிடும். இதுல உள்ள பெரிய வசதி என்னன்னா எத்தனை ஃப்ரேம் அடுக்கறோம்ங்கறதை வீட்டுக்கு வந்து மாத்தி மாத்தி பார்க்கலாம், 2 விநாடி அளவுக்கு அடுக்கினா கம்பில எந்த கை நிக்குது, 8 விநாடிக்கு அடுக்கினா எந்த கை போயிடுதுன்னு கண்ணு முன்னாடியே தெரியும். டிட்டாரென்கோவுக்கு இந்த வசதி கிடையாது, ஷட்டரை மூடற நேரத்தை அவர் அந்த குளிர்ல அங்கயே நின்னு முடிவு பண்ணணும், சரியா வந்துச்சான்னு டார்க்ரூம்ல நெகட்டிவ் கழுவி எடுத்தப்புறம் தான் தெரியும்.